நள்ளிரவில் நீலவானம்

அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 900 மீட்டர் செங்குத்தாக நிற்கும் எல் கேப்பிட்டன் பாறைச்சுவரின் இரவுப் படம் ஒன்றை அனுப்பி, நீலவானமும் நட்சத்திரங்களும் ஒரே படத்தில் எப்படி வரும், இது கணினியில் செய்த ஒட்டுவேலைதானே என்று வேளச்சேரி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஒட்டுவேலை வேண்டியதில்லை, முழுநிலவும் ஒரு டிரைபாடும் அரை நிமிடமும் போதும்.

நிலவொளி என்பது நிலவின் பாறையில் பட்டுத் திரும்பிய வெயிலே. ஆனால் சுமார் 4 லட்சம் மடங்கு மங்கியது. பளிச்சென்ற வெயிலில் லென்ஸின் ஒளித்துளையை எஃப் 16-க்கும் (எண் சிறுத்தால் துளை அகலும்), ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 100-க்கும் வைத்தால், ஒளியை உள்ளே விடும் கதவான ஷட்டர் 1/100 விநாடி திறந்தால் போதும். அதே படத்துக்கு நிலவில் 4,000 விநாடிகள் வேண்டும். துளையை எஃப் 2.8-க்கு அகலமாக்கினால் 32 மடங்கும், ஐஎஸ்ஓவை 400 ஆக்கினால் மேலும் 4 மடங்கும் குறைந்து, கணக்கு 31 விநாடிகளில் வந்து நிற்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். பகல்வானை நீலமாக்குவதாகப் பள்ளியில் படித்த ராலே சிதறலுக்கு இரவு விடுமுறை கிடையாது. காற்றின் மூலக்கூறுகள் நிலவொளியின் நீலத்தையும் அதே முறையில்தான் சிதறடிக்கின்றன. ஆகவே நிலவு காயும் இரவில் வானம் உண்மையாகவே நீலம். அந்த மங்கலில் நம் கண்ணின் கூம்பு செல்கள் ஓய்ந்துவிட, நிறமறியாத குச்சி செல்களே பார்க்கின்றன. கண்ணால் ஒளியைப் பத்தில் ஒரு விநாடி அளவே சேர்த்துவைக்கவும் முடியும். கேமராவில் ஒளியைப் பதியும் சென்சாரோ உண்டியலைப் போல, விழுந்த ஒவ்வொரு சில்லறையையும் ஷட்டர் மூடும்வரை சேர்க்கிறது. வானத்தின் நீலம் 4 லட்சம் மடங்கு குறைந்தாலும், சொந்த ஒளியில் எரியும் நட்சத்திரங்கள் குறைவதில்லை. பகலில் மூழ்கிக் கிடந்தவை அதனால் மேலே வருகின்றன.

பரங்கிமலையிலிருந்து இதை முயன்றபோது எனக்குக் கிடைத்தது, தெருவிளக்குகள் புழுதியில் கரைந்த பழுப்பு வானம் மட்டுமே. 2.34 மீட்டர் தொலைநோக்கி உள்ள காவலூர் வானாய்வகத்தை நகர விளக்குகளிலிருந்து தள்ளி ஜவ்வாது மலையில் அமைத்தது வீண் அல்ல. விளக்குகளுக்கு மேல்மூடி போடும் சிறு செலவுக்குக்கூட நாம் தயங்குவது எனக்கு விளங்கவில்லை.

வாசகர் தம் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கட்டும். சுவரில் தெரியும் ஒளிப்புள்ளிகள், அங்கேயே இரவு தங்கும் மலையேறிகளின் நெற்றிவிளக்குகள்; விளக்கு நகர்ந்த இடத்தில் புள்ளி கோடாகியிருக்கும், இருண்ட உடலோ பதிந்தே இராது. நட்சத்திரங்களும் துல்லியமான புள்ளிகளாக இரா: 30 விநாடிகளில் பூமி சுழலும் சுழற்சியில், வான நடுக்கோட்டை (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர்மேலே வானில் செல்லும் கற்பனைக் கோட்டை) ஒட்டியவை முழுநிலவின் அகலத்தில் கால் பங்கு நீளத்துக்குச் சிறு கோடிழுத்திருக்கும்.