கடலோர நடைக்குப் பாதம், மலை நடைக்கு முட்டி

பாதயாத்திரை வேளாங்கண்ணிக்கா, சபரிமலைக்கா என்பது அவரவர் வேண்டுதல். அதில் பிசியோதெரபிஸ்ட்டுக்கு வேலையில்லை. ஆனால் இரண்டு நடைக்கும் ஒரே மாதிரித் தயாராகிறவர்கள்தான் பாதி வழியில் வேன் ஏறுகிறார்கள்.

சென்னையிலிருந்து ஈசிஆர் வழியாக வேளாங்கண்ணி சுமார் 320 கி.மீ. நாளைக்கு 30 கி.மீ. நடந்தால் பதினோரு நாள். ஏற்றம் கிடையாது, அதனால் சுலபம் என்கிறார்கள். மேடு பள்ளத்தில் தசைகள் மாறி மாறி வேலை செய்யும்; சமதளத்திலோ குதிகாலும் பாதத்தின் அடித் தசைநாரும் காலையிலிருந்து இரவுவரை ஒரே அடியை வாங்கிக்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு, மழைத்தண்ணீர் வடிவதற்காகத் தார்ச்சாலையின் ஓரத்தைச் சரிவாகப் போட்டிருப்பார்கள். நாள் முழுக்க ஒரே ஓரத்தில் நடந்தால் ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே இருக்கும். மூன்றாம் நாள் ஒரு பக்க இடுப்பும் முட்டியின் வெளிப்புறமும் மட்டும் வலிப்பது பெரும்பாலும் இதனால்தான். மண் ஓரம் சமமாக இருந்தால் அதில் இறங்கி நடங்கள். எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடப்பதை மட்டும் விடாதீர்கள்.

ஆகஸ்ட் புழுக்கத்தில் வியர்வை காயாது, உடம்பு குளிராது. வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் உப்பு குறைந்து வாந்தியும் குழப்பமும் வரும். இளநீரில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் குறைவு. ஓஆர்எஸ் (உப்பு, சர்க்கரை கலந்த பொடி) பெரிய பாக்கெட் ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கரைக்க வேண்டும். டம்ளரில் கொஞ்சம் கொட்டிக் குடிப்பதல்ல. பிபி, இதயம், கிட்னி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொப்புளம் வருமுன் அந்த இடம் சுரீரென்று எரியும். அப்போதே உட்கார்ந்து, துடைத்து, டேப் ஒட்டினால் தப்பிக்கலாம். அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்றால், அடுத்த ஊரில் தோல் இருக்காது.

மலை வேறு கணக்கு. அலிபிரி வழியாகத் திருமலைக்குச் சுமார் 3,550 படி. மூச்சு வாங்கும், ஆனால் இறங்க பஸ் இருக்கிறது. எருமேலியிலிருந்து காடு வழியாகச் சபரிமலைக்குப் போகும் பெருவழிப்பாதையில் அந்தச் சலுகை இல்லை. வழியிலுள்ள கரிமலையை ஏறியவர் இறங்கித்தான் சபரிமலை அடிவாரமான பம்பை சேர வேண்டும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. பழக்கமில்லாத தசை மறுநாள் கட்டிப்போய், பாரம் முட்டியில் விழும்.

சென்னையில் பலரும் பயிற்சி என்று மாடிப்படி ஏறிவிட்டு லிஃப்டில் இறங்குகிறார்கள். கரிமலைக்கு அது தலைகீழ்ப் பயிற்சி! வாரம் மூன்று நாள், ஆறு வாரம், படியில் நிதானமாக இறங்கிப் பழகுங்கள். திருக்கழுக்குன்றத்தின் 500-க்கும் மேற்பட்ட படிகள் நல்ல ஒத்திகை. நாலு மாடி ஏறும்போதே நெஞ்சு இறுகினாலோ தாடை, இடது கை வலித்தாலோ, மாலை போடுமுன் இதய டாக்டரைப் பாருங்கள்.

கடலோர நடைக்கு ஒத்திகை வேறு: அடுத்தடுத்த இரண்டு நாள், 15 கி.மீ. வீதம், தார்ச்சாலையில். மெரினா மணல் இதற்கு உதவாது. இரண்டாம் நாள் காலை எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகால் குத்தினால் அந்தச் செருப்பையோ தூரத்தையோ மாற்ற வேண்டும்.

சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலோடு நடப்பது இரண்டு வழியிலும் ஆபத்து. பாதம் மரத்தவருக்குத் தாரின் சூடும் தெரியாது, தைத்த முள்ளும் தெரியாது. தினமும் இரவு ஒரு சின்னக் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள்.