ஓடிவந்த சண்டியர்

கத்தியை உருவ வேண்டிய நேரத்தில் ஒரு பேட்டை ரவுடி ஓட்டமாய் ஓடிவிடுகிறான். எதிராளியிடம் பயமில்லை. கொன்றால் ஜெயில், செத்தால் குழி, இரண்டிலும் தன் மனசைப் பறித்தவளைப் பார்க்க முடியாதே என்று தோன்றியதும் உடம்பு நடுங்கிவிட்டது. 1928-இல் என்ரிக்கே சாந்தோஸ் திஸ்ஸேபொலோ எழுதிய 'மலெவாஹே' என்ற அர்ஜென்டினா டாங்கோ பாட்டின் கதை இது. தலைப்புக்கு 'ரவுடிக் கும்பல்' என்று பொருள். அந்தக் கும்பல் இவனைப் புரியாமல் பார்க்கிறது. 'எனக்கு என்ன கொடுத்துத் தொலைத்தாய்?' என்று இவன் அவளிடம் கேட்கிறான்.

டாங்கோ பாட்டு இப்படி ஆரம்பிக்கவில்லை. 1903-இல் ஆங்ஹெல் வில்லோல்தோ எழுதிய 'எல் போர்த்தெஞீத்தோ'வில் வருகிறவன் முழுக்க முழுக்கச் சவடால் பேர்வழி: நான் புவெனோஸ் அயர்ஸின் பிள்ளை, இந்த மண்ணில் என்னைப் போல ஒரு சண்டியர் பிறந்ததில்லை. அன்றைக்கு வீரம் என்றால் அதுதான்.

திருப்பம் 1917-இல் வந்தது. சாமுவேல் காஸ்த்ரியோத்தாவின் மெட்டு ஒன்றுக்கு பாஸ்குவால் கோந்துர்சி வரிகள் எழுத, கார்லோஸ் கார்தெல் அதை இசைத்தட்டில் பாடினார். பெயர் 'மி நோச்சே திரிஸ்தே', அதாவது 'என் சோக இரவு'. அவள் போய்விட்டாள். நெஞ்சில் முள் என்று முதலில் புலம்பத்தான் செய்கிறான். அது எல்லோரும் எழுதுவது. நம்மைப் பிடித்து உட்காரவைப்பது அந்த அறையில் இருக்கிற சாமான்கள். அவள் இருப்பதுபோலவே மாத்தே பானத்தோடு தின்ன பிஸ்கட் வாங்கி வருகிறான். கித்தார் அலமாரிக்குள் தொங்குகிறது, எடுத்துப் பாட ஆளில்லை. கண்ணாடி அழுததுபோல் மங்கிக் கிடக்கிறது. விளக்கு எரிய மறுக்கிறது. ராத்திரி கதவைச் சாத்த மனசு வரவில்லை. திறந்திருந்தால் அவள் திரும்பி வருவாள் என்று ஒரு நினைப்பு.

கேட்டவர்கள் யார்? 1914 கணக்கெடுப்பின்போது தலைநகர் புவெனோஸ் அயர்ஸில் இருந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். வந்து இறங்கியவர்களில் ஆண்களே அதிகம். காலி அறை என்றால் என்ன என்று அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இத்தனை அழுதும் அவன் சண்டியராகவே தெரிவது எப்படி? என் கணிப்பில் சூட்சுமம் மொழியில் இருக்கிறது. 'மி நோச்சே திரிஸ்தே'யின் முதல் சொல்லே 'பெர்காந்தா'. பெண்ணைக் குறிக்கும் தெருவழக்கு. லுன்ஃபார்தோ என்ற இந்த வழக்கில் இத்தாலியச் சொற்கள் ஏராளம். உழைப்பைக் குறிக்கும் 'லவோரோ' அங்கே 'லபூரோ' ஆகிவிடும். அசைகளைப் புரட்டிப்போட்டு 'டாங்கோ'வை 'கோத்தான்' என்பார்கள். ஏட்டுமொழியில் அழுதால் ஒப்பாரி. முரட்டுப் பேச்சில் அழுதால், அழுகிறவன் யார் என்பது மறைவதில்லை. 1943-இல் வந்த ராணுவ அரசு வானொலியில் லுன்ஃபார்தோவை ஒடுக்கியபோது, பல பாட்டுகளைச் 'சுத்தமாக' மாற்றி எழுதினார்கள். கண்ணீர் மிஞ்சியது; ஆள் காணாமல் போனான்.

மீதி வேலையை இசை செய்கிறது. வாத்தியக் குழு தாளத்தை விடாமல் பிடித்திருக்க, பாடகர் வேண்டுமென்றே பின்தங்கி, வரி முடியும் இடத்தில் ஓடிவந்து சேர்ந்துகொள்வார். சொல்லத் தயங்கியவன் சொல்லிவிட்டதுபோல் இருக்கும். கூடவே பண்டோனியன் என்ற துருத்தி வாத்தியம். வழக்கமான வகையில் 71 பொத்தான்கள். பெரும்பாலானவற்றில் துருத்தியை விரித்தால் ஒரு சுரம், சுருக்கினால் வேறு சுரம். உள்ளே காற்றில் அதிர்வது உலோக நாக்குகள். துருத்தி திசை மாறும் அந்தக் கணம் காதுக்கு மூச்சு வாங்குவதுபோலவே கேட்கும்.

'மலெவாஹே' நாயகன் தன்னையே நக்கலடித்துக்கொள்கிறான்: இனி பாக்கி ஒன்றுதான், கோவிலுக்குப் போய் மண்டியிட்டு ஜெபம் பண்ண வேண்டும்.