முதல் வேட்டைத் துப்பாக்கி ஏன் மெல்ல உதைக்க வேண்டும்?

.308 வின்செஸ்டர் (எண், குண்டின் விட்டத்தை அங்குலத்தில் குறிப்பது) தோட்டா வெடிக்கும்போது 9.7 கிராம் எடையுள்ள குண்டு விநாடிக்கு ஏறத்தாழ 860 மீட்டர் வேகத்தில் குழலை விட்டுப் பாய்கிறது. அதன் இயக்க ஆற்றல் சுமார் 3,600 ஜூல். அதே சமயம் துப்பாக்கி பின்னால் வந்து சுடுபவரின் தோளை உதைக்கிறது. அந்த உதையின் ஆற்றல் சுமார் 20 ஜூல்தான். ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்று பள்ளியில் படித்தோமே, பிறகு ஏன் இவ்வளவு வித்தியாசம்?

சமமாக இருப்பது உந்தம், ஆற்றல் அல்ல. உந்தம் என்பது நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது. ஆற்றல் கணக்கில் வேகத்தின் வர்க்கம் வருகிறது. மூன்றரைக் கிலோ துப்பாக்கி, முன்னால் போனவற்றின் மொத்த உந்தத்தைத் தானும் பெற்றுக்கொண்டு விநாடிக்கு 3.4 மீட்டர் வேகத்தில்தான் பின்னால் நகர்கிறது. வேகம் குறைவு என்பதால் ஆற்றலும் மிகக் குறைவு. துப்பாக்கி என்ற கருவியைத் தோளில் வைத்துச் சுட முடிவதற்கே இதுதான் காரணம்.

'முன்னால் போனவற்றின்' என்று பன்மையில் சொன்னதைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் குண்டு மட்டும் போவதில்லை. .308 தோட்டாவில் சுமார் 2.9 கிராம் வெடிமருந்து இருக்கிறது. அது எரிந்து வாயுவாகி, குண்டு வெளியேறியதும் குழல்வாயிலிருந்து பீறிட்டு வருகிறது. எடை குறைவுதான், ஆனால் வேகம் குண்டை விட அதிகம்: சராசரியாக விநாடிக்கு 1,200 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போடலாம். போட்டுப் பார்த்தால் மொத்த உந்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த வாயுவினுடையது. ராக்கெட் பறப்பதும் இதே தத்துவத்தில்தான். ஆகவே உதையைத் தீர்மானிப்பவை நான்கு: குண்டின் நிறை, அதன் வேகம், மருந்தின் நிறை, துப்பாக்கியின் நிறை. குண்டின் விட்டம் இந்தக் கணக்கில் நேரடியாக வருவதே இல்லை.

எல்லாவற்றுக்கும் அதே மூன்றரைக் கிலோ துப்பாக்கி என்று வைத்துக்கொண்டு மற்றத் தோட்டாக்களையும் பார்ப்போம். .223 ரெமிங்டன் நாலரை ஜூல் அளவில் உதைக்கும். .243 வின்செஸ்டர் 12 ஜூல். 6.5 கிரீட்மோர் 16, 17. 7 மி.மீ.-08 ரெமிங்டன் 18. கனமான 11.7 கிராம் குண்டு போட்ட .30-06 ஸ்பிரிங்ஃபீல்ட் 28. .300 வின்செஸ்டர் மேக்னம் 38-ஐத் தொடும். தயாரிப்பாளரைப் பொறுத்து ஒன்றிரண்டு ஜூல் கூடலாம், குறையலாம். 20 ஜூலைத் தாண்டினால் பெரும்பாலோருக்கு உதை தொல்லையாகத் தொடங்கும் என்பது வேட்டைக்காரர்கள் வெகுகாலமாகச் சொல்லிவரும் அனுபவக் கணக்கு.

சரி, கொஞ்சம் உதைத்தால்தான் என்ன? தோள் வலிக்கும், மறுநாள் கன்றிப்போயிருக்கும், அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் உண்மையான பிரச்சினை வலி அல்ல.

டிரிகரை இழுத்து மருந்து பற்றிக்கொண்ட பிறகு, குண்டு குழலுக்குள் இருக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றேகால் மில்லிவிநாடி. அந்த நேரத்துக்குள் துப்பாக்கி பின்னால் எவ்வளவு நகரும்? குழலின் நீளம் 56 செ.மீ. என்றால், நிறைகளின் விகிதப்படி துப்பாக்கி இரண்டு மில்லிமீட்டர் கூட நகர்ந்திருக்காது. அதற்குள் குண்டு வெளியே போய்விட்டது. தோள் உணரும் உதையில் பெரும்பங்கு அதற்குப் பிறகு வருவது. மனித உடல் ஒரு தொடுதலுக்கோ சத்தத்துக்கோ வேண்டுமென்றே எதிர்வினை காட்ட நூறு, நூற்றைம்பது மில்லிவிநாடியாவது பிடிக்கும். திடுக்கிட்டுத் தானாக இமை மூடுவதற்குக்கூடச் சில பத்து மில்லிவிநாடிகள் வேண்டும். ஆகவே உதையால் உடல் எப்படித் துள்ளினாலும் அது அந்தக் குண்டின் போக்கை மாற்ற முடியாது.

மாற்றுவது, உதை வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பு. சில முறை பலமாக உதை வாங்கிய உடம்பு அடுத்த முறை டிரிகர் அசையும் முன்பே தயாராகிறது: கண் இறுக மூடுகிறது, தோள் முன்னால் தள்ளுகிறது, விரல் நிதானமாக அழுத்தாமல் வெடுக்கென்று இழுக்கிறது. சுடுபவர்கள் இதை 'ஃபிளிஞ்ச்' என்பார்கள். மணி அடித்தால் நாய்க்கு எச்சில் ஊறும்படி பழக்கிய பாவ்லோவின் சோதனையில் நடந்ததேதான் இங்கும் நடக்கிறது. இது கோழைத்தனம் அல்ல, மன உறுதியால் எளிதில் அடக்கக்கூடியதும் அல்ல. நரம்பு மண்டலம் தன் வேலையைச் சரியாகக் கற்றுக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. வேட்டைத் துப்பாக்கி ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். பின்பக்கம் தோளில் நிலையாக இருக்க, குழல்வாய் ஒரே ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்தால் 100 மீட்டர் தூரத்தில் குண்டு 10 செ.மீ. தள்ளிப் படும். மானின் நுரையீரலும் இதயமும் அடங்கிய பகுதி 20 செ.மீ. விட்டத்தைவிடச் சற்றே பெரிது. நான்கைந்து மில்லிமீட்டர் துள்ளல் குண்டை வயிற்றிலோ காலிலோ கொண்டுபோய்ச் சேர்க்கும். விலங்கு உடனே சாகாமல் காட்டுக்குள் ஓடி, மணிக்கணக்கில் துடிக்கும். எனக்கு இந்த விஷயத்தில் முக்கியமாகப் படுவது இதுதான். உதை குறைந்த தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது சுடுபவரின் சௌகரியத்துக்காக மட்டும் அல்ல, சுடப்படும் விலங்குக்காகவும்தான்.

ஒருவருக்கு இந்த ஃபிளிஞ்ச் உள்ளதா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பயிற்சித் திடலில் கூட இருப்பவர், சுடுபவருக்குத் தெரியாமல் மருந்தில்லாப் போலித் தோட்டாவை நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே கலந்து போடுவார். போலித் தோட்டா வரும்போது வெடிக்காது, உதையும் இல்லை. அப்போது குழல்வாய் கீழே குத்தினால், அந்தத் துள்ளல் முழுக்கச் சுடுபவருடையது. பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களும் இந்தச் சோதனையில் அதிர்ந்துபோவது உண்டு.

உதை குறைந்த தோட்டாவால் பெரிய விலங்கைக் கொல்ல முடியுமா என்று அடுத்த கேள்வி வரும். இதற்கு நல்ல பதில் ஸ்வீடனில் இருக்கிறது. 1890களில் ஸ்வீடனும் நார்வேயும் தங்கள் படைகளுக்காகச் சேர்ந்து உருவாக்கிய 6.5×55 தோட்டா, நூறாண்டுக்கு மேலாக அங்கே மூஸ் என்ற பெரிய மானின் வேட்டைக்குப் பயன்படுகிறது. மூஸ் ஆண் விலங்கு 400 கிலோவைத் தாண்டக்கூடியது. இந்தத் தோட்டாவின் உதையோ .308-ஐ விடக் குறைவு. ரகசியம் குண்டின் வடிவத்தில் இருக்கிறது. 6.5 வகைக் குண்டின் உண்மையான விட்டம் 6.7 மி.மீ., .308 குண்டின் விட்டம் 7.8 மி.மீ. முன்னது 9.1 கிராம், பின்னது 9.7 கிராம். எடையில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் குறுக்குவெட்டுப் பரப்பில் ஒல்லிக் குண்டு மிகச் சிறியது. ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் பின்னால் இருக்கும் நிறை, ஒல்லிக் குண்டில் கால் பங்குக்கும் மேல் கூடுதல். அதனால் அது தசையையும் எலும்பையும் ஆழமாகத் துளைத்துப் போகிறது, காற்றில் போகும்போதும் வேகத்தை மெதுவாகவே இழக்கிறது. குண்டு வேட்டைக்கானதாக, அதாவது பட்டதும் முன்பகுதி காளான் போல விரிவதாக இருந்துவிட்டால், இரண்டு நுரையீரலையும் கிழித்து மறுபக்கம் வெளியேற இந்த ஆழம் போதும்.

நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த உதாரணம் ஒன்றும் உண்டு. குமாவுன் பகுதியின் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை 1907இல் சுட்ட ஜிம் கார்பெட்டுக்கு, ஐக்கிய மாகாணங்களின் துணைநிலை ஆளுநர் ஜான் ஹெவெட் பரிசாகக் கொடுத்தது லண்டன் ரிக்பி நிறுவனத்தின் .275 துப்பாக்கி. .275 ரிக்பி என்பது 7×57 மௌசர் தோட்டாவேதான், பெயர் மட்டும் வேறு. கனத்த துப்பாக்கிகளோடு ஒப்பிட்டால் அதன் உதை மிதம். கார்பெட் அதைப் பல ஆண்டுகள் பயன்படுத்தினார். 1980இல் ரெமிங்டன் வெளியிட்ட 7 மி.மீ.-08, ஏறக்குறைய அதே திறனைக் குட்டையான தோட்டாவில் தருகிறது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டைக்கு இடமில்லை. ஆகவே தேர்வைப் பற்றிய இந்தப் பேச்செல்லாம், உரிமத்தோடும் பருவ ஒதுக்கீட்டோடும் வேட்டை நடக்கும் நாடுகளுக்கானது.

அங்கும் சட்டம் ஊருக்கு ஊர் மாறும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் .24 அங்குல விட்டம்தான் பெரிய விலங்குகளுக்குக் கீழ்வரம்பு. அதனால் .243-ஐ வைத்து எல்க் மானைக்கூடச் சட்டப்படி சுடலாம். ஸ்வீடனிலோ மூஸுக்கு, 9 கிராம் குண்டு என்றால் 100 மீட்டரில் 2,700 ஜூல் இருக்க வேண்டும், 10 கிராமுக்குக் குறையாத குண்டு என்றால் 2,000 ஜூல் போதும். ஆறரைக் கிராம் குண்டு போடும் .243 அங்கே தேறாது, 10 கிராம் குண்டோடு 6.5×55 தேறிவிடும். என் கருத்தில், .243 வெள்ளைவால் மான் அளவுள்ள விலங்குகளோடு நின்றுவிடுவது நல்லது. சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக 300 கிலோ எல்க்கை நோக்கி ஒரு புதியவர் அதை நீட்டக் கூடாது. பெரிய விலங்கும் வேண்டும், உதையும் குறைவாக வேண்டும் என்றால் 6.5 கிரீட்மோர், 6.5×55, 7 மி.மீ.-08 மூன்றில் ஒன்று.

இப்போது துப்பாக்கியின் எடைக்கு வருவோம், பலர் ஏமாறுவது இங்கேதான். உந்தம் மாறாது என்பதால், துப்பாக்கியின் நிறை குறையக் குறைய உதையின் ஆற்றல் கூடும். அதே .308 தோட்டாவை 2.7 கிலோ துப்பாக்கியில் போட்டால் 20 ஜூல் 26 ஆகிவிடும், கிட்டத்தட்ட .30-06 உதை. மலையேறுவதற்கென்று விற்கப்படும் இலேசுத் துப்பாக்கிகள் கடையில் தூக்கிப் பார்க்கும்போது சுகமாக இருக்கும், சுடும்போது இருக்காது. இதைவிட வருத்தமானது, சிறுவர்களுக்கும் சிறிய உடல்வாகு உள்ளவர்களுக்கும் என்று வரும் சின்னத் துப்பாக்கிகள் பெரும்பாலும் குழல் குட்டையாக, எடை குறைவாக இருப்பது. உதையை மிகக் குறைவாகத் தாங்கக்கூடியவர் கையில் மிக அதிகமாக உதைக்கும் துப்பாக்கியைக் கொடுக்கிறார்கள். தோட்டா .243 என்றால் பரவாயில்லை, .308 என்றால் வேண்டாம்.

அவர்களுக்குத் தேவை குட்டையான கட்டை (துப்பாக்கியின் தோளில் பதியும் பின்பகுதி), இலேசான துப்பாக்கி அல்ல. டிரிகருக்கும் கட்டையின் பின்முனைக்கும் உள்ள தூரம் வழக்கமாக 34 செ.மீ. வாக்கில் இருக்கும். கை குட்டையானவருக்கு 31 செ.மீ. பொருந்தலாம். நீளம் அதிகமானால் கட்டை தோளின் குழிவில் உட்காராமல் மேற்கையின் எலும்பில் போய் நிற்கும், உதை அங்கே விழும். குறைந்தால் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) நெற்றிக்கு மிக அருகில் வந்து புருவத்தைக் கிழித்துவிடும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் 9, 10 செ.மீ. இடைவெளி வேண்டும். கன்னம் படும் இடத்தின் உயரமும் முக்கியம், தலையை நீட்டித் தேட வேண்டியிருந்தால் அந்தக் கட்டை பொருந்தவில்லை என்று அர்த்தம்.

கட்டையின் முனையில் இருக்கும் ரப்பர் மெத்தை ஆற்றலைக் குறைப்பதில்லை, அது நிற்கும் தூரத்தை நீட்டுகிறது. வேகமாக வரும் பந்தைப் பிடிக்கும் ஃபீல்டர் கையைப் பின்னால் இழுப்பதைப் போல. 20 ஜூல் உதை இரண்டரை செ.மீ. தூரத்தில் நின்றால் சராசரி விசை 800 நியூட்டன், நான்கு செ.மீ.யில் நின்றால் 500. நல்ல மெத்தை மலிவுதான், மாட்டுவதற்கு அரை மணி நேரம் போதும்.

குழல்வாயில் பொருத்தும் பிரேக், உந்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தரும் அந்த வாயுவைப் பக்கவாட்டிலும் சற்றுப் பின்னாலும் திருப்பிவிடுகிறது. உதை நிஜமாகவே குறையும். ஆனால் சத்தம் சுடுபவர் பக்கமும் அருகில் நிற்பவர் பக்கமும் திரும்பும். வேட்டைத் துப்பாக்கியின் வெடிச்சத்தம் ஏற்கெனவே 160 டெசிபல் வாக்கில் இருக்கிறது, 140-ஐத் தாண்டினால் ஒரே வெடி காதைக் கெடுக்கலாம். இன்னொன்று, ஃபிளிஞ்சுக்கு உதை பாதிக் காரணம் என்றால் சத்தம் மறுபாதி. ஆகவே பிரேக்கை நான் முதல் துப்பாக்கிக்குச் சொல்ல மாட்டேன். சத்தம் அடக்கி கிடைக்கும் இடத்தில் அதுவே மேல். அது வாயுவை மெதுவாக வெளியே விடுவதால் சத்தத்தை 20, 30 டெசிபல் குறைக்கும், உதையையும் குறைக்கும், முன்பக்கம் கொஞ்சம் எடையும் சேர்க்கும். நார்வேயிலும் ஃபின்லாந்திலும் வேட்டைக்காரர்களிடம் அது சாதாரணம். அமெரிக்காவில் 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும், சில மாநிலங்களில் அனுமதியே இல்லை. எது எப்படியானாலும் பயிற்சியில் காதுக்குள் ஒரு அடைப்பு, மேலே ஒரு மூடி, இரண்டும் போட்டுக்கொள்வது நல்லது.

நார்வேயில் பெரிய விலங்கு வேட்டைக்குப் போகிறவர் ஒவ்வோர் ஆண்டும் 30 பயிற்சிக் குண்டுகள் சுட்டு, பிறகு 100 மீட்டரில் ஐந்து குண்டுகளையும் 30 செ.மீ. வட்டத்துக்குள் போட்டுக் காட்ட வேண்டும். மெல்ல உதைக்கும் துப்பாக்கி வைத்திருப்பவர் இந்தப் பயிற்சியை ஒரே மாலையில் கவலையில்லாமல் முடிப்பார். மேக்னம் வைத்திருப்பவர் பத்தாவது குண்டிலேயே தோளைத் தடவத் தொடங்குவார். தொடக்கத்தில் .22 லாங் ரைஃபிள் ஒன்றையும் கூட வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. அதன் உதை அரை ஜூலுக்கும் கீழே. டிரிகரை நிதானமாக அழுத்தும் பழக்கம் அதில் வந்துவிட்டால் பெரிய துப்பாக்கிக்கும் அப்படியே கூட வரும்.

கடைசியாக ஒரு நடைமுறைச் சங்கதி. .260 ரெமிங்டன் அறிவியல்படி 6.5 கிரீட்மோருக்குக் கிட்டத்தட்டச் சமம், பத்தாண்டு மூத்ததும்கூட. ஆனால் 2007இல் ஹார்னடி நிறுவனம் வெளியிட்ட கிரீட்மோர் பரவிய அளவுக்கு அது பரவவில்லை, கடைகளில் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். அதனால் துப்பாக்கிக்குப் பணம் கட்டும் முன், பக்கத்துக் கடை அலமாரியில் அதற்கான வேட்டைத் தோட்டா இரண்டு மூன்று வகைகளில் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஒரே தோட்டா எல்லாத் துப்பாக்கியிலும் ஒரே மாதிரி நெருக்கமாகப் படுவதில்லை, ஒவ்வொரு வகையிலும் ஒரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.