ஆற்காடு நவாபுக்கு ‘தி’ உண்டு, நவாப் முகமது அலிக்கு இல்லை

‘தி நவாப் ஆஃப் ஆற்காட்’ என்பது சரியான ஆங்கிலம். ‘தி நவாப் முகமது அலி’ என்று எழுதினால் இடறுகிறது. ஆள் ஒருவர்தான், பதவியும் அதேதான். ஆனாலும் ஓரிடத்தில் ‘தி’ (the) ஒட்டுகிறது, இன்னோரிடத்தில் ஒட்டவில்லை.

தமிழில் இந்தச் சொல்லே கிடையாது. ‘புத்தகம் வாங்கினேன்’ என்றால் ஏதோ ஒரு புத்தகம். ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்றால் நாம் முன்பே பேசிய புத்தகம். நமக்கு ‘ஐ’ உருபு பாதி வேலையைச் செய்துவிடுகிறது. மீதிக்கு ‘அந்த’ இருக்கிறது. ‘எது என்று உனக்கே தெரியும்’ என்று கேட்பவருக்குச் சுட்டுவதற்கு ஆங்கிலத்தில் ‘தி’ தேவைப்படுகிறது.

பெயர் என்பது ஏற்கெனவே ஒருவரைச் சுட்டுவதுதான். வேலூர், திப்பு சுல்தான், முகமது அலி ஆகியவற்றுக்கு இன்னொரு சுட்டு வேண்டாம். ‘நவாப்’, ‘டாக்டர்’, ‘கிங்’ போன்ற பட்டங்கள் பெயருக்கு முன்னால் வந்தால் பெயரோடு கரைந்துவிடும். அங்கேயும் ‘தி’ வராது. ஆனால் ‘நவாப் ஆஃப் ஆற்காட்’ பெயரல்ல, வருணனை. நவாபுகள் பலர், அவர்களில் ஆற்காட்டுக்காரர் எவரோ அவர். வருணனையை வைத்து ஆளைப் பிடிக்கும்போது ‘தி’ கட்டாயம். திப்புவுக்கு வேண்டாத ‘தி’, ‘தி டைகர் ஆஃப் மைசூர்’ என்றதும் வந்துவிடுவது இதனால்தான். ஒரு விலக்கு உண்டு: ‘பிகேம் நவாப் ஆஃப் ஆற்காட்’ என்று பதவி ஏற்றதைச் சொல்லும்போது, ஒருவர் மட்டுமே வகிக்கும் பதவி என்பதால் ‘தி’யை விட்டுவிடலாம்.

நிகழ்ச்சிகளில் குழப்பமே இல்லை. 1749 ஆம்பூர்ப் போர், 1751 ஆற்காடு முற்றுகை, 1806 வேலூர்ப் புரட்சி மூன்றும் வாக்கியத்தில் ‘தி’யோடுதான் வரும். இடப்பெயர்கள்தான் படுத்தும். ‘வேலூர் ஃபோர்ட்’ என்பதற்கு ‘தி’ வேண்டாம். ஊர்ப்பெயரே கோட்டையை அடையாளம் காட்டிவிடுகிறது. ‘தி ஃபோர்ட் அட் வேலூர்’ என்று திருப்பிப் போட்டால் வேண்டும். ஏலகிரிக்கு இல்லை, கிழக்குத் தொடர்ச்சி மலைக்கு உண்டு. ஆறுகளுக்கு எப்போதும் உண்டு. மணல் மட்டுமே தெரிந்தாலும் அது ‘தி பாலாறு’தான். ‘ஆற்காட் ரோட்’ என்பது சாலையின் பெயர். ‘தி ஆற்காட் ரோட்’ என்றால் ஆற்காட்டுக்குப் போகிற சாலை என்றும் பொருள்படும்.

அடைமொழிக்கு வருவோம். தமிழில் அது முன்னால் நிற்கும்: மாவீரன் அலெக்சாண்டர், ஐந்தாம் ஜார்ஜ். ஆங்கிலத்தில் நிலைத்துவிட்ட அடைமொழி பெயருக்குப் பின்னால் போய் ‘தி’யைக் கூட்டிக்கொள்ளும்: ‘அலெக்சாண்டர் தி கிரேட்’. ‘தி கிரேட் அலெக்சாண்டர்’ என்று முன்னால் போட்டால் அது வெறும் புகழ்ச்சி, பட்டமல்ல. ஜார்ஜ் விஷயம் இன்னும் வேடிக்கை: ரோமன் எண்ணில் ‘தி’ எழுதப்படாது, வாசிக்கும்போது மட்டும் ‘ஜார்ஜ் தி ஃபிஃப்த்’ என்று வரும். மேடையில் ‘ஜார்ஜ் ஃபைவ்’ என்று படிப்பவர்கள் வழுக்குவது இங்கேதான்.

பெயருக்கு முன்னால் வரும் உரிச்சொல்லுக்குப் பொதுவாக ‘தி’ வேண்டும். ‘புவர்’, ‘டியர்’, ‘லிட்டில்’, ‘ஓல்ட்’ மாதிரி பாசமும் பரிதாபமும் கலந்த சொற்களுக்கு வேண்டாம்: ‘புவர் குமார்’. நம் கல்யாணப் பத்திரிகைகளில் அடிக்கடி தப்புவது ‘லேட்’. ‘சன் ஆஃப் லேட் முனுசாமி’ என்று அச்சடிக்கிறோம். ஆங்கில வழக்கு ‘சன் ஆஃப் தி லேட் முனுசாமி’.

காற்புள்ளிக்குப் பின்னால் வரும் விளக்கத்தில் ‘தி’யா ‘எ’யா என்பது பொருளையே மாற்றும். ராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்து, வேலூரில் சிஎம்சி மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடரை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஐடா ஸ்கடர், தி ஃபவுண்டர் ஆஃப் சிஎம்சி’ என்றால் நிறுவியவர் அவர் ஒருவரே. ‘எ ஃபவுண்டர்’ என்றால் பலர் சேர்ந்து நிறுவினார்கள், அவர்களில் ஒருவர் என்றாகிவிடும். அதே காற்புள்ளிக்குப் பின் ‘எ டாக்டர்’ என்பதில் தவறே இல்லை. டாக்டர்கள் எத்தனையோ பேர்.

தனிப்பெயருக்கு முன்னாலும் ‘தி’ வருகிற இடங்கள் உண்டு. ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்து, ‘காட்பாடியில் பார்த்தோமே, அந்தக் குமார்’ என்று பிரிக்க வேண்டியிருந்தால் ‘தி குமார்’ என்று தொடங்கி விளக்கத்தைப் பின்னால் சேர்க்கலாம். ‘தி வேலூர் ஆஃப் 1806’ என்பதும் அப்படித்தான்; ஊரைக் காலத்தால் வெட்டி ஒரு துண்டை மட்டும் எடுக்கிறோம். ‘எ மிஸ்டர் குமார்’ என்றாலோ, குமார் என்று யாரோ ஒருத்தர், யாரென்று தெரியாது.

உச்சரிப்பிலும் ஒரு நுணுக்கம். உயிரொலிக்கு முன்னால் ‘தி’, மெய்யொலிக்கு முன்னால் தளர்ந்து ‘த’: தி ஆற்காட், த வேலூர். மெய்யொலிக்கு முன்னாலும் வேண்டுமென்றே அழுத்தி ‘தீ ரஜினிகாந்த்?’ என்று ஒருவர் கேட்டால், அதே பெயருள்ள வேறு யாரையோ அல்ல, ‘சாட்சாத் ரஜினியேவா?’ என்று கேட்கிறார்.