கீழே 1.5 காட்டினால் மேலே எவ்வளவு?

போன மாதம் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு மாணவர் அழைத்தார். பொழுதுபோக்காக வானொலியில் பேசுவதற்கான ஹாம் வானொலி உரிமம் புதிதாக வாங்கியவர். இரண்டு மீட்டர் பேண்டுக்கு, அதாவது 145 மெகாஹெர்ட்ஸுக்கு, ஒரு நீண்ட தண்டில் (பூம்) மூன்று குறுக்குக் கம்பிகள் (எலிமென்ட்) கொண்ட, ஒரு திசையை நோக்கிப் பேசும் யாகி ஆண்டெனாவைத் தானே செய்து மொட்டை மாடியில் ஏற்றியிருந்தார். "ஐயா, எஸ்.டபிள்யூ.ஆர். 1.5தான் காட்டுகிறது. ஆனால் நான் பேசுவது ரிப்பீட்டரில் விழவே இல்லை" என்றார். எஸ்.டபிள்யூ.ஆர். என்பது, அனுப்பிய சக்தியில் எவ்வளவு ஆண்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் விகிதம்; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. ரிப்பீட்டர் என்பது நம் குரலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம். கேபிள் எத்தனை மீட்டர் என்று கேட்டேன். ஆர்.ஜி.58 என்ற மெல்லிய கேபிள், இருபத்தைந்து மீட்டர் என்றார். பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிட்டது.

நேரில் போனபோது முதலில் மாடிக்கு ஏறி, ஆண்டெனாவிலிருந்து கேபிளைக் கழற்றி அப்படியே தொங்கவிட்டோம். கீழே வந்து, மிகக் குறைந்த பவரில் ஒரு நொடி மட்டும் பட்டனை அழுத்தச் சொன்னேன். மீட்டர் முள் 2.3-இல் நின்றது. கேபிளின் மறுமுனையில் எதுவுமே இல்லை. போன மின்சக்தி முழுவதும் திரும்பி வந்து, முள் கடைசிவரை ஓடியிருக்க வேண்டிய நேரம் அது. மாணவர் மீட்டரைத் தட்டிப் பார்த்தார். மீட்டரில் பழுது எதுவும் இல்லை.

அந்த நீளத்துக்கு ஆர்.ஜி.58 இந்த அலைவரிசையில் சுமார் நான்கு டெசிபெல்லை, அதாவது போகும் சக்தியில் பாதிக்கும் மேல், தின்றுவிடும். மேலே போகும்போது நான்கு, திரும்பி வரும்போது இன்னும் நான்கு. எதிரொலித்து வரும் சக்தி வழியிலேயே வெப்பமாகிவிடுவதால் கீழே இருக்கும் மீட்டருக்குக் கொஞ்சம்தான் வந்து சேர்கிறது. கணக்குப் போட்டால், கீழே 1.5 காட்டும் அந்த ஆண்டெனாவில் மேலே இருப்பது ஏறக்குறைய 3. அவருடைய 25 வாட் செட்டிலிருந்து மேலே சேர்வது 10 வாட். அதிலும் கால் பங்கு ஆண்டெனாவுக்குள் போகாமல் திரும்புகிறது. கேபிள் எவ்வளவு மோசமோ அவ்வளவு அழகாக மீட்டர் காட்டும். நல்ல கேபிள் மாற்றியதும் எஸ்.டபிள்யூ.ஆர். ஏறிவிட்டது என்று என்னிடம் வருத்தப்பட்டவர்கள் பலர். அவர்களுக்கு அப்போதுதான் உண்மையான அளவு தெரிய ஆரம்பித்திருக்கிறது.

ஆகவே ஆண்டெனாவை அதன் காலடியில் அளக்க வேண்டும். இன்று எஸ்.டபிள்யூ.ஆரையும் மின்மறுப்பையும் (மாறுமின்னோட்டத்துக்கு ஆண்டெனா காட்டும் தடையை, ஓமில்) அளக்கும் நானோ வி.என்.ஏ. என்ற சிறிய கருவி பலர் கையில் இருக்கிறது. இரண்டடி கேபிளைப் பொருத்தி, அந்தக் கேபிளின் முனையிலேயே ஓப்பன் (திறந்த முனை), ஷார்ட் (குறுக்கிணைப்பு), 50 ஓம் மூன்றையும் வைத்து காலிபரேட் செய்துவிட்டு (கருவியின் அளவைச் சரிசெய்துவிட்டு) அளந்தால் போதும். மாணவரின் ஆண்டெனாவில் அது 17 ஓம் காட்டியது. இதில் அவர் தவறு ஒன்றுமில்லை. தனி டைபோலுக்கு, அதாவது நடுவில் பிரித்த ஒற்றைக் கம்பிக்கு, மின்மறுப்பு 73 ஓம் அளவில் இருக்கும். கேபிள் சேராத இரண்டு கம்பிகள், முன்னால் டைரக்டரும் பின்னால் ரிஃப்ளெக்டரும், நெருங்கி நின்றால் அது இறங்கும். 1926-இல் ஜப்பானின் சென்டாய் நகரில் உடாவும் யாகியும் இந்த ஆண்டெனாவை உலகுக்கு அறிவித்த நாளிலிருந்து இதுதான் இதன் இயல்பு. 17 ஓமை 50 ஓம் கேபிளுடன் நேரடியாகச் சேர்த்ததுதான் பிழை.

இந்த இரண்டையும் பொருத்தும் அமைப்புக்கு மேட்ச் என்று பெயர். நான் புதியவர்களுக்குச் சொல்லித் தருவது ஹேர்பின் மேட்ச், கொண்டை ஊசி வடிவக் கம்பி. நடுவில் இரண்டாகப் பிரித்த டிரிவன் எலிமென்டை, அதாவது கேபிள் சேரும் கம்பியை, பூமிலிருந்து தனிமைப்படுத்தி, இரு பக்கமும் கொஞ்சம் குட்டையாக்க வேண்டும். அப்போது அது கப்பாசிட்டர்போல நடந்துகொள்ளும். கேபிள் சேரும் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே தடித்த செம்புக் கம்பியை யு வடிவில் வளைத்துப் போட்டால், அதன் இண்டக்டன்ஸ் இதைச் சமன்செய்து 50 ஓமுக்கு ஏற்றிவிடும். நாங்கள் கம்பியின் இரு கால்களுக்கும் இடையே ஒரு சிறு குறுக்குத் துண்டை வைத்து முன்னும் பின்னும் நகர்த்தினோம். அரை சென்டிமீட்டர் நகர்த்தினால் திரையில் வளைவு இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. 1.2 வந்ததும் அந்த இடத்திலேயே பற்றவைத்தோம். காமா மேட்ச் என்ற இன்னொரு வகையும் நல்லதுதான். ஆனால் அதன் கப்பாசிட்டருக்குள் மழைநீர் புகுந்து கெட்டுப்போனவற்றை நிறைய பார்த்திருப்பதால் முதல் ஆண்டெனாவுக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை. வடிவமைப்பே 28 ஓம் என்றால் இன்னும் எளிது: 75 ஓம் டி.வி. கேபிள் இரண்டை இணையாகச் சேர்த்து, கால் அலைநீளத்துக்கு வெட்டிப் போட்டால் வேலை முடிந்தது. கேபிளின் வேகக் காரணி (வெற்றிடத்தோடு ஒப்பிட்டால் அலை கேபிளில் போகும் வேகம்) 0.66 என்றால் அது 34 சென்டிமீட்டர்.

இதில் ஒரு எச்சரிக்கை. எஸ்.டபிள்யூ.ஆர். இறங்க வேண்டும் என்பதற்காக டைரக்டரையும் ரிஃப்ளெக்டரையும் வெட்டாதீர்கள். அவை ஆண்டெனா எந்தத் திசையில் பேச வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை. வெட்ட வேண்டியதும் நகர்த்த வேண்டியதும் டிரிவன் எலிமென்டும் மேட்சும் மட்டுமே.

மாணவர் அளவுகளை எடுத்தது பி.வி.சி. குழாயில் செய்த ஒரு ஆண்டெனாவிலிருந்து. ஆனால் பூமாக அவர் எடுத்துக்கொண்டது, தாத்தா காலத்தில் இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாஹினி பார்க்க மாடியில் நிறுத்தியிருந்த டி.வி. ஆண்டெனாவின் அலுமினியக் குழாய். எலிமென்ட் உலோகப் பூமைத் துளைத்து, அதைத் தொட்டுக்கொண்டு போனால் மின்னளவில் அது குட்டையாகிவிடும். சில மில்லிமீட்டர் கூட்டி வெட்ட வேண்டும். கம்பி மெலிந்தாலும் நீளம் கூட வேண்டும். ஒருவருடைய அளவைப் படியெடுக்கும்போது கம்பியின் தடிமனையும் பூமின் வகையையும் சேர்த்தே படியெடுங்கள்.

ஆனால் அவர் குரல் ரிப்பீட்டரில் விழாததற்கு முதல் காரணம் இவை எதுவுமில்லை. பழைய டி.வி. ஆண்டெனாவைப் போலவே எலிமென்ட்களைப் படுக்கை வசத்தில் வைத்திருந்தார். ரிப்பீட்டர்களின் ஆண்டெனா செங்குத்தாக நிற்கும். இரண்டும் குறுக்காக இருந்தால் இழப்பு 20 டெசிபெல் வரை போகும். பத்து வாட் அனுப்பியும் நூறில் ஒரு பங்குதான் சேரும். எந்த மீட்டரும் இதைச் சொல்லாது. ஆண்டெனாவைச் செங்குத்தாகத் திருப்பினோம். இரும்புக் கம்பம் எலிமென்ட்களுக்கு நடுவே வந்து கெடுக்காதபடி, பூமை ரிஃப்ளெக்டருக்குப் பின்னால் பிடித்து நிறுத்தினோம்.

கேபிளைக் கையால் பிடித்தபோது திரையில் அளவு நகர்ந்ததையும் கவனித்தோம். கேபிளின் வெளிக்கூடும் ஆண்டெனாவாக வேலை செய்கிறது என்று அதற்குப் பொருள். இணைக்கும் இடத்தில் ஆறு ஃபெரைட் மணிகளைக் கோத்ததும் அது நின்றது. இழப்பு குறைந்த, தடித்த ஆர்.ஜி.213 கேபிளுக்கு மாற்றியதில் மேலே 15 வாட் சேர்ந்தது. பிறகு ரிப்பீட்டரைத் தொட்டவுடன் அதன் வால் ஓசை (நாம் பட்டனை விட்டதும் ரிப்பீட்டர் சற்று நேரம் தொடர்ந்து அனுப்பும் ஒலி) தெளிவாகத் திரும்பி வந்தது. ஆண்டெனாவின் முதுகை அதன் பக்கம் திருப்பினோம்; வரும் சிக்னலின் வலிமையைக் காட்டும் எஸ் மீட்டர் சரிந்தது. யாகி யாகியாக வேலை செய்கிறதா என்பதற்கு நான் நம்பும் சோதனை இதுதான்.

மாடியில் வேலை செய்யும்போது அவர் வீட்டை ஒட்டி 11 கிலோவோல்ட் கம்பி போவதைப் பார்த்தேன். அந்தக் கம்பிகளுக்கு மேலுறை கிடையாது. கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தொடாத தூரம் வேண்டும்: கம்பத்தின் முழு நீளம், அதனுடன் ஆண்டெனாவின் நீளம், அதற்கு மேலும் இடைவெளி. அந்த இடம் இல்லையென்றால் அந்த மூலையில் கம்பம் நட வேண்டாம். அவர் கம்பத்தை மாடியின் எதிர்மூலைக்கு மாற்றும்வரை நான் கிளம்பவில்லை. தனியாக ஒருவர் கம்பத்தைத் தூக்கி நிறுத்தவும் கூடாது.

கடலோரம் என்பதால் இணைப்புகளுக்குத் துருப்பிடிக்காத எஃகுத் திருகு, செம்பும் அலுமினியமும் நேரடியாகத் தொடாமலிருக்க வெள்ளீயம் பூசிய வளையம், மேலே தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப். மழைநீர் இணைப்புக்குள் வழியாமல் சொட்டிப் போக, கேபிளை ஒரு வளைவு இறக்கிக் கட்டினோம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் மேலே ஏறி அதே இரண்டடிக் கேபிளில் இன்னொரு முறை அளந்து, இன்றைய எண்களுக்குப் பக்கத்தில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். காகம் உட்கார்ந்து வளைத்த டைரக்டரையும் அப்போதே நிமிர்த்திவிடலாம்.