பற்றாசு

உலோகப் பகுதிகளை இணைக்க உருக்கி வைக்கும் சோல்டர் என்பதற்குத் தமிழ்ச் சொல் பற்றாசு. இலங்கைப் பாடநூல்களில் 'பற்றாசு பிடித்தல்' என்று படித்தவர்கள்கூட, அதை உருக்கும் சூட்டுக்கோலான அயனைக் கையில் எடுத்தவுடன் 'ஈயம் வைக்கிறது' என்றே சொல்கிறார்கள். அங்கேதான் குழப்பம். ஈயம் ஓர் உலோகத்தின் பெயர். வழமையான பற்றாசுக் கம்பியில் வெள்ளீயம் 63 வீதம், ஈயம் 37 வீதம். 183 பாகை செல்சியசில் உருகும். இப்போது பரவலாக விற்கப்படும் இன்னொரு வகையில் வெள்ளீயம், வெள்ளி, செம்பு மட்டுமே உண்டு. உருக 217 பாகையாவது வேண்டும். அதை 'ஈயமில்லாத ஈயம்' என்றா கேட்டு வாங்குவது? ஈயமற்ற பற்றாசு என்றால் தெளிவு.

பற்று, ஆசு என்று பிரியும் சொல் இது. இரண்டு உலோகத் துண்டுகளை இணைக்க இடையில் உருக்கி விடுவதே ஆசு. யாப்பிலும் அதே பொருள்தான்: இரு குறளை ஒரு வெண்பாவாக இணைக்கும்போது, முதற் குறளின் இறுதிக்கும் தனிச்சொல்லுக்கும் இடையே கூட்டும் ஓரிரு அசைக்கு ஆசு என்று பெயர், அப்படி அமைவது ஆசிடை நேரிசை வெண்பா. யாழ்ப்பாணத்துக் கன்னாதிட்டி நகைப் பட்டறையில் வெண்காரம் தடவி ஊதிப் பிடிப்பதும் பற்றாசே. நகைக்கு வைப்பது வன்பற்றாசு, 450 பாகைக்கு மேல் உருகுவது. மின்சுற்றுக்கு மென்பற்றாசு.

வெல்டிங்கில் இரும்பே உருகிக் கலக்கிறது. இங்கே மின்சுற்றுப் பலகையில் பாகத்தை வைக்கும் செப்புத் திட்டு உருகுவதில்லை. வெள்ளீயம் செம்போடு சேர்ந்து மெல்லிய சேர்வைப் படை ஒன்றை உண்டாக்குகிறது. பற்று என்பது அந்தப் படைதான். திட்டு சூடேறாமலோ ஒட்சைட்டு படிந்தோ இருந்தால் பற்றாசு மேலே உருண்டு நிற்கும், பற்றாது. பார்வைக்கு ஒட்டியிருக்கும், தட்டினால் விடும்.

2 மில்லிமீற்றர் நீளமும் 1.25 மில்லிமீற்றர் அகலமும் கொண்ட தடையியில் (ரெசிஸ்டர்) பழகத் தொடங்குவது நல்லது. அயன் நுனி 320 முதல் 350 பாகை, கம்பி 0.5 மில்லிமீற்றர். ஒரு திட்டில் மட்டும் சிறிது பற்றாசு வையுங்கள். சாமணத்தால் தடையியைப் பிடித்து, அந்தப் பற்றாசை மீண்டும் உருக்கியபடி உள்ளே தள்ளி, அயனை எடுத்தபின் அது உறையும்வரை அசையாமல் வைத்திருங்கள். பிறகு மற்றப் பக்கம். கடைசியில் முதற் பக்கத்துக்குக் கொஞ்சம் பிளக்ஸ் (ஒட்சைட்டை நீக்கிப் பற்றாசைப் பரவவிடும் பொருள்) தடவி இன்னொரு முறை தொடுங்கள். கம்பிக்குள் இருந்த பிளக்ஸ் முதற் சூட்டிலேயே புகைந்து போயிருக்கும். இதை விட்டுவிடுவதால்தான் பல இணைப்புகள் கூர் கூராக நிற்கின்றன.

நுண்சில்லின் (ஐசி) கால்களுக்கிடையே பற்றாசு பாலமிட்டால் சுரண்ட வேண்டாம், திட்டே உரிந்து வந்துவிடும். பிளக்ஸ் தாராளமாக இட்டு, சுத்தமான நுனியைக் கால்களின் போக்கில் வெளியே இழுங்கள். அதற்கும் போகாவிட்டால் செப்புப் பின்னலை வைத்து உறிஞ்சலாம்.

பசைபோன்ற வகைக்குப் பற்றாசுக் களி என்ற பெயர் பொருந்தும்: பற்றாசுத் தூளும் பிளக்சும் குழைத்தது. களி தடவிச் சூட்டுத் தட்டில் வைக்கும்போது ஒரு முனை முந்தி உருகினால், அதன் மேற்பரப்பு இழுவிசை மறு முனையைத் தூக்கிவிடும். தடையி நடுகல்போல நிமிர்ந்து நிற்கும். இரு திட்டிலும் களி ஒரே அளவாக இருக்க வேண்டும், சூடும் மெதுவாக ஏற வேண்டும். ஒரு திட்டு மட்டும் அகன்ற செப்புப் பரப்போடு சேர்ந்திருந்தாலும் இது நடக்கும். செம்பு சூட்டை இழுத்துக்கொள்ளும்.

களியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்தவுடன் மூடியைத் திறக்கக் கூடாது. எங்கள் கடற்கரைக் காற்றின் ஈரம் குளிர்ந்த களியில் படிந்து, சூட்டில் கொதித்துப் பற்றாசை மணிமணியாகச் சிதறடிக்கும். கால்களுக்கிடையில் அப்படி ஒரு மணி கிடந்தாலே குறுஞ்சுற்றுத்தான் (ஷோர்ட் சர்க்கியூட்). மூடியபடியே சில மணிநேரம் வெளியே வைத்து, அறைச் சூட்டுக்கு வந்தபின் திறவுங்கள்.