சின்ன கன்சோல்ல எடம் பத்தலங்கிறது பாதி கதைதான்: ஸ்டோரேஜ், மெமரி, வேகம் மூணும் எப்படி ஒன்னையொன்னு இழுக்குது

மைக்ரோசாஃப்டோட சின்ன கேம் கன்சோல் எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ் 2020 நவம்பர்ல 299 டாலருக்கு வந்தப்போ அதுக்குள்ள இருந்தது 512 ஜிபி எஸ்எஸ்டி, அதாவது கேமை சேமிச்சு வைக்கிற டிரைவ். ஆன் பண்ணி செட்டிங்ஸ்ல போய் பார்த்தா கேம் போட கெடைக்கிறது சுமார் 364 ஜிபிதான். மீதி எங்க போச்சுன்னு எல்லாரும் கேக்குறாங்க, அதுல ஒரு பகுதி வெறும் கணக்கு வித்தியாசம். டிரைவ் செய்யறவங்க 1 ஜிபின்னா நூறு கோடி பைட்னு எண்ணுறாங்க, கன்சோலோட சாஃப்ட்வேர் 1024 பெருக்கல்ல எண்ணுது, அதனால 512ங்கிறது அங்கேயே 476 ஆயிடும். அப்புறம் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு எடம், அப்டேட்டுக்கு எடம், பாதில விட்ட கேமை அதே எடத்துல இருந்து தொடர வைக்கிற குயிக் ரெஸ்யூமுக்கு எடம், ஏன்னா அது அந்த நேரத்துல மெமரில, அதாவது ஓடுற கேம் கைக்கு வச்சிருக்கிற ரேம்ல, இருந்ததை அப்படியே எஸ்எஸ்டில எழுதி வச்சுக்குது. இதெல்லாம் போகத்தான் 364. இப்போ வர்ற பெரிய கேம் ஒன்னு 100 ஜிபி தாண்டுறது சாதாரணம், அப்போ மூணு கேமோட கதை முடிஞ்சுது.

இதைப் பார்த்துட்டு "சீப் கன்சோல்னா ஸ்டோரேஜ்தான் பிரச்சனை"ன்னு முடிவு பண்ணிடுறோம். எனக்கு அது சரின்னு படல. ஸ்டோரேஜ் கண்ணுக்குத் தெரியற குறை, அவ்ளோதான். காசு மிச்சம் பண்றதுக்காக உண்மையிலேயே வலிக்கிற மாதிரி வெட்டின எடம் வேற, அதை செட்டிங்ஸ்ல எந்தப் பக்கத்துலயும் பார்க்க முடியாது. அதுக்கு முன்னாடி ஒரு கேம் ஏன் இவ்ளோ பெருசா இருக்குன்னு பார்த்துடலாம்.

கேம்ல பெரும்பாலும் எடத்தை அடைக்கிறது டெக்ஸ்சர், அதாவது செவுரு, சட்டை, முகம், மண்ணு எல்லாத்து மேலயும் ஒட்டுற படங்கள். 4096க்கு 4096 பிக்சல் இருக்குற ஒரு டெக்ஸ்சரை எடுத்துக்கங்க, கிட்டத்தட்ட 1.67 கோடி பிக்சல். கிராஃபிக்ஸ் சிப் நேரா படிக்கிற மாதிரி நல்லா சுருக்கி வச்சாலும் பிக்சலுக்கு ஒரு பைட்னு வச்சா 16 எம்பி வருது. தூரத்துல இருந்து பார்க்கும்போது காட்டுறதுக்கு அதே படத்தோட சின்னச் சின்ன காப்பிகளும் கூடவே இருக்கும், அது இன்னொரு மூணுல ஒரு பங்கு, ஆக 21 எம்பி. அதோட முடியல, ஒரே செவுத்துக்கு நிறத்துக்கு ஒரு படம், மேடு பள்ளத்துக்கு ஒரு படம், எவ்ளோ பளபளப்புங்கிறதுக்கு ஒரு படம்னு மூணு வந்தா 60 எம்பிக்கு மேல. ஒரு செவுருக்கு! இப்போ இதே டெக்ஸ்சரை 2048க்கு 2048னு பாதியா ஆக்கினா அளவு பாதி ஆகாது, கால்வாசி ஆகும், ஏன்னா அகலமும் பாதி உயரமும் பாதி. சீரீஸ் எஸ்ல கேம் டவுன்லோட் சைஸ், கூடவே வந்த பெரிய மாடலான சீரீஸ் எக்ஸை விட ஏறக்குறைய 30 சதவீதம் கம்மியா இருக்கும்னு மைக்ரோசாஃப்ட் அப்பவே சொன்னதுக்கு அடிப்படை இதுதான், 4கே டிவிக்குன்னு செஞ்ச பெரிய டெக்ஸ்சரை அந்த மெஷின் டவுன்லோடே பண்ண வேண்டியதில்ல. ஆனா எல்லா கேமும் அந்த மாதிரி பிரிச்சு தர்றதில்ல, சவுண்டு, வீடியோ, பல மொழி டயலாக்லாம் எந்த டிவி வச்சிருந்தாலும் ஒரே சைஸ்தான்.

இன்னொரு காரணம் இருக்கு, அது ரொம்ப சுவாரசியமானது. பழைய கன்சோல்கள்ல இருந்த ஹார்டு டிஸ்க் சுத்துற தட்டு. நிமிஷத்துக்கு 5400 சுத்துன்னா ஒரு சுத்துக்கு 11 மில்லிசெகண்டு. வேணுங்கிற டேட்டா தட்டுல எங்கயோ இருக்கும், ஊசி அங்க நகரணும், அந்த எடம் சுத்தி ஊசிக்குக் கீழ வர்ற வரைக்கும் காத்திருக்கணும், ஒவ்வொரு தடவையும் இப்படி பத்து பதினஞ்சு மில்லிசெகண்டு வீணாப் போகும். ஒரு தெருவோட டேட்டா நூறு எடத்துல சிதறிக் கிடந்தா அதை எடுக்கவே ஒரு செகண்டுக்கு மேல ஆயிடும், அதுக்குள்ள கேம்ல கார் அந்தத் தெருவையே தாண்டிடும். அதனால டெவலப்பர்கள் என்ன பண்ணாங்கன்னா, ஒரே பொருளை ஒவ்வொரு தெருவோட டேட்டாலயும் திரும்பத் திரும்ப காப்பி பண்ணி வச்சாங்க, எல்லாம் பக்கத்துப் பக்கத்துல இருந்தா ஊசி தாவ வேண்டியதில்லைல. பிளேஸ்டேஷன் 5ஐ வடிவமைச்ச மார்க் செர்னி 2020 மார்ச்ல பேசினப்போ இதை விளக்கமா சொன்னார், ஒரே சாமான் நூத்துக்கணக்கான தடவை டிஸ்க்ல இருக்கும்னு. அதாவது வேகம் இல்லாத குறையை எடத்தைக் கொடுத்து சரிக்கட்டினாங்க. ஹெல்டைவர்ஸ் 2 கம்ப்யூட்டர் வெர்ஷன்ல இந்த டூப்ளிகேட்டையெல்லாம் 2025ல எடுத்தப்போ 150 ஜிபிக்கு மேல இருந்த கேம் 23 ஜிபிக்கு வந்துடுச்சு. இதைப் படிச்சப்போ நான் உண்மையிலேயே அசந்து போயிட்டேன், அவ்ளோ எடமும் சுத்துற தட்டுக்காகக் கொடுத்த வாடகை.

எஸ்எஸ்டில ஊசியும் இல்ல தட்டும் இல்ல, எங்க இருந்து எடுத்தாலும் கிட்டத்தட்ட ஒரே நேரம்தான், அதனால இந்த காப்பி வேலை தேவையில்ல. ஆனா எஸ்எஸ்டிக்கும் ஒரு குணம் உண்டு, அதுல வேகமும் கொள்ளளவும் ஒட்டிப் பொறந்தது மாதிரி. எஸ்எஸ்டிக்குள்ள இருக்குற ஒரு சேமிப்பு சிப் தனியா அவ்ளோ வேகம் கிடையாது, பல சிப்பை ஒரே நேரத்துல படிச்சுத்தான் வேகம் வருது. சிப் எண்ணிக்கையைக் குறைச்சா எடம் போகும், வேகமும் போக வாய்ப்பு இருக்கு. பிளேஸ்டேஷன் 5ல 825 ஜிபின்னு ஒரு விநோதமான நம்பர் ஏன்னு நெறைய பேர் கேட்டிருக்காங்க. அதுல எஸ்எஸ்டிக்கு 12 பாதை வச்சு செகண்டுக்கு 5.5 ஜிபி வேகம் எடுத்தாங்க, 12 பாதைக்கு 64 ஜிபி வீதம் 1024 கணக்குல போட்டா 768, அதை நூறு கோடி பைட் கணக்குல மாத்தினா 825. வேகத்துக்கான டிசைனை முதல்ல முடிவு பண்ணிட்டு அதுக்கு என்ன எடம் வந்துச்சோ அதை வச்சுக்கிட்டாங்க.

சீரீஸ் எஸ்ல கவனிக்க வேண்டியது இங்கதான். பெரிய அண்ணன் சீரீஸ் எக்ஸ்ல 1 டிபி, இதுல பாதி, ஆனா வேகம் ரெண்டுலயும் அதே செகண்டுக்கு 2.4 ஜிபி. எடத்தை வெட்டினாங்க, வேகத்துல கை வைக்கல. ஏன்னா கேம் எழுதுறவங்க "இந்த வேகத்துல டேட்டா கண்டிப்பா வரும்"னு நம்பித்தான் கேமையே கட்டுறாங்க, ஒரு மாடல்ல மட்டும் மெதுவா வந்தா அந்த கேமோட அஸ்திவாரமே ஆடிடும். கேமோட பொதுவான கணக்கெல்லாம் போடுற முக்கிய சிப்பான சிபியுவும் அதே மாதிரிதான், ரெண்டுலயும் எட்டு கோர், வேகத்துல சின்ன வித்தியாசம். எது எல்லாருக்கும் பொதுவா இருந்தே ஆகணும், எதைக் குறைச்சா சமாளிக்கலாம்னு யோசிச்சு பண்ணின வேலை இது, அந்த வரைக்கும் நான் அதைப் பாராட்டுறேன்.

அப்போ எதைத்தான் குறைச்சாங்க? கிராஃபிக்ஸ் சிப்போட பலம் 12 டெராஃப்ளாப்ஸ்ல இருந்து 4 ஆச்சு (ஒரு டெராஃப்ளாப்ஸ்னா செகண்டுக்கு லட்சம் கோடி கணக்கு). கேக்க ரொம்ப மோசமா இருக்கும், ஆனா 4கே படத்துல 83 லட்சம் பிக்சல், 1440பில 37 லட்சம், 1080பில 21 லட்சம். பிக்சல் கால்வாசி ஆனா, பிக்சலுக்கு நிறம் கண்டுபிடிக்கிற வேலையும் கால்வாசி, ஆக மூணுல ஒரு பங்கு பலம் உள்ள சிப் தாராளமா போதும். கணக்கு சரியா உக்காருது. படம் கொஞ்சம் மங்கலா தெரியும், கேம் அதே கேம்தான்.

மெமரில இந்தக் கணக்கு உக்காராது. சீரீஸ் எக்ஸ்ல 16 ஜிபி, அதுல கேமுக்கு 13.5. சீரீஸ் எஸ்ல மொத்தமே 10 ஜிபி, அதுல 8 ஜிபி செகண்டுக்கு 224 ஜிபி வேகத்துல ஓடும், மீதி 2 ஜிபி வெறும் 56ல, அதை சிஸ்டம் வச்சுக்கும். ஆக கேமுக்கு சுமார் 8. திரைல காட்டுற படம் சின்னதானா அந்தப் படத்தை வச்சிருக்கிற எடம் குறையும்தான், ஆனா 4கேல ஒரு படமே 33 எம்பிதான், அந்த மாதிரி பத்து பதினஞ்சு வச்சிருந்தாலும் மிச்சம் ஆகுறது சில நூறு எம்பி. சின்ன டெக்ஸ்சர் போட்டா இன்னும் கொஞ்சம் மிச்சமாகும். ஆனா ஊர்ல எத்தனை பேர் நடக்குறாங்க, அவங்க எப்படி கை காலை ஆட்டணும், எந்தக் கதவு தொறந்திருக்கு, எந்தப் பெட்டிய நீங்க ஏற்கனவே உடைச்சீங்க, ஒளி எங்க பட்டு எங்க திரும்பும்னு கண்டுபிடிக்க வச்சிருக்கிற மேப், இதெல்லாம் டிவி சின்னதா பெருசான்னு பார்த்து குறையாது. 1080பில பார்த்தாலும் அதே உலகம், அதே கூட்டம்.

"எஸ்எஸ்டி அவ்ளோ வேகமா இருக்கே, மெமரி பத்தலைன்னா அங்க இருந்து எடுத்துக்கலாமே"ன்னு தோணும். ஓரளவுக்கு உண்மைதான், ஹார்டு டிஸ்க் காலத்துல அடுத்த அரை நிமிஷத்துக்குத் தேவையானதை மெமரில முன்கூட்டியே எடுத்து வச்சுக்கணும், வேகமான எஸ்எஸ்டி இருந்தா அடுத்த ஒரு செகண்டுக்கு வச்சிருந்தா போதும்னு செர்னியும் சொன்னார். அதனாலதான் இந்தத் தலைமுறைல மெமரி முன்ன மாதிரி எட்டு மடங்கு பத்து மடங்குன்னு ஏறல. ஆனா ஒரு ஃப்ரேம், அதாவது திரைல வந்து போற ஒரு படம், அந்தக் கணக்குல பாருங்க. செகண்டுக்கு 60 ஃப்ரேம்னா, ஒரு ஃப்ரேம் நேரத்துல சீரீஸ் எஸ்ஸோட மெமரில இருந்து 3.7 ஜிபி படிக்கலாம். அதே நேரத்துல எஸ்எஸ்டில இருந்து படிக்க முடியறது 40 எம்பி. பரண்ல இருக்குற சாமானை எவ்ளோ வேகமா ஏணி வச்சு எறக்கினாலும், அடுப்பு மேடைல கைக்கெட்டுற தூரத்துல இருக்குறதுக்கு ஈடாகாதுல்ல, அந்த மாதிரி. அடுத்து வரப்போற தெருவை எஸ்எஸ்டில இருந்து எடுக்கலாம். இப்போ இந்த நொடி திரைல தெரியறதுக்கு மெமரியை விட்டா வழி இல்ல.

இதுக்கு ஊரறிஞ்ச உதாரணம் பால்டர்ஸ் கேட் 3. 2023 ஆகஸ்ட்ல கம்ப்யூட்டருக்கும் செப்டம்பர்ல பிளேஸ்டேஷன் 5க்கும் வந்த கேம், எக்ஸ்பாக்ஸுக்கு டிசம்பர்லதான் வந்துச்சு. காரணம் ஒரே டிவில ரெண்டு பேர் ஆடுற ஸ்ப்ளிட் ஸ்கிரீன் சீரீஸ் எஸ்ல ஓடல, கடைசில அந்த மாடல்ல மட்டும் அப்போதைக்கு அதை எடுத்துட்டுத்தான் வெளியிட்டாங்க. ஏன்னு இப்போ புரியும். ஒருத்தர் ஊருக்குள்ள, இன்னொருத்தர் காட்டுக்குள்ளன்னு ரெண்டு பேரும் பிரிஞ்சு போகலாம், அப்போ ரெண்டு எடமும் ஒரே நேரத்துல மெமரில இருக்கணும். பிக்சலைக் குறைச்சு அதைத் தீர்க்க முடியாது. இன்னொரு சின்ன விஷயம், முந்தின தலைமுறை எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸ்ல 12 ஜிபி மெமரி இருந்துச்சு, அதனால அதுக்குன்னு மெருகேத்தின பழைய கேம்களை அதுக்கப்புறம் வந்த சீரீஸ் எஸ் ஓட்டுறதில்ல, அதை விட சின்ன மாடலான சாதா ஒன் எஸ்ஸுக்கான வெர்ஷனைத்தான் ஓட்டுது. பிறகு 2022ல சிஸ்டம் எடுத்துக்கிட்டிருந்த மெமரில சில நூறு எம்பியை டெவலப்பர்களுக்கு விட்டுக் கொடுத்தாங்க, அந்த சில நூறுக்கே அவ்ளோ மதிப்பு இருந்துச்சு.

இது புதுசும் இல்ல. 2005ல எக்ஸ்பாக்ஸ் 360 வந்தப்போ விலை கம்மியான கோர் மாடல்ல ஹார்டு டிஸ்கே கிடையாது. அப்போ கேம் செய்யறவங்க, சில விதிவிலக்கு தவிர, ஹார்டு டிஸ்க் இல்லாமலும் ஓடுற மாதிரிதான் செய்யணும், காசு கொடுத்து 20 ஜிபி மாடல் வாங்கினவங்களுக்கும் சேர்த்து. விலை கம்மியான மாடல்தான் எல்லாருக்கும் தரைமட்டம்.

ஸ்டோரேஜ் குறையை மட்டும் சரி பண்ண வழி இருக்கு. சீரீஸ் எஸ்ல சாதாரண யூஎஸ்பி டிரைவ் போட்டா பழைய தலைமுறை கேம்களை அதுல இருந்தே ஆடலாம், புதுசுகளை அங்க நிறுத்தி வச்சுட்டு வேணும்போது உள்ள மாத்திக்கணும். 100 ஜிபி கேமை செகண்டுக்கு 100 எம்பி வேகத்துல மாத்த கிட்டத்தட்ட 17 நிமிஷம், அதையே 50 எம்பிபிஎஸ் இன்டர்நெட்ல (இது பிட் கணக்கு, எட்டு பிட் ஒரு பைட், அதனால செகண்டுக்கு 6 எம்பி சொச்சம்தான்) திரும்ப டவுன்லோட் பண்ணா நாலரை மணி நேரம், அதனால டிலீட் பண்றதை விட இது எவ்வளவோ மேல். புதுசை நேரா ஆடணும்னா பின்னாடி சொருகுற அதுக்குன்னே செஞ்ச கார்டு வேணும். பிளேஸ்டேஷன் 5ல 2021 செப்டம்பர்ல இருந்து கடைல கிடைக்கிற எம்.2 எஸ்எஸ்டியே போட்டுக்கலாம். நின்டெண்டோ ஸ்விட்ச் 2017ல 32 ஜிபியோட வந்துச்சு, சாதா மைக்ரோ எஸ்டி போதும்னு இருந்துச்சு, 2025ல வந்த ஸ்விட்ச் 2ல உள்ள 256 ஜிபி, ஆனா கேம் போட மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டுதான் ஏத்துக்கும், பழைய கார்டுல எடுத்த ஃபோட்டோ வீடியோவை மட்டும் கொண்டு வரலாம். இங்கயும் அதே காரணம்தான், பழைய கார்டு செகண்டுக்கு 100 எம்பியைத் தொடவே திணறும், அதை நம்பி இப்போ ஒரு கேம் கட்ட முடியாது.

அதனால யாராவது எந்த கன்சோல் வாங்கலாம்னு கேட்டா நான் ஸ்டோரேஜ் நம்பரைக் கடைசியாத்தான் பார்க்கச் சொல்றேன். இப்போ இருக்குறது பழைய டிவியா, ஆடப்போறது கார் ரேஸ், சண்டை, சின்ன ஸ்டுடியோ கேம்களா, அப்போ சின்ன மாடல் நல்லாவே ஓடும், தயங்க வேண்டாம். பெரிய பெரிய திறந்த உலக கேம்களை இன்னும் நாலஞ்சு வருஷத்துக்கு ஆடணும்னு நெனச்சா முதல்ல மெமரி எவ்ளோன்னு பாருங்க, அது போர்டுல சால்டர் பண்ணி வந்தது, பின்னாடி எந்தக் கார்டும் சொருகி ஏத்த முடியாது. 2023 செப்டம்பர்ல கருப்பு நிறத்துல புது சீரீஸ் எஸ் 349 டாலருக்கு வந்துச்சு, எல்லாரும் கேட்ட மாதிரி ஸ்டோரேஜை ரெட்டிப்பாக்கி 1 டிபி கொடுத்திருந்தாங்க, மெமரி அதே 10 ஜிபி.